பெரிய தொட்டி வைத்தால் ஷவரில் வேகம் வருமா?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: “மொட்டை மாடித் தளத்திலேயே 1,000 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறோம். கீழ்வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது. மாடி ஷவரில் நூல் மாதிரி விழுகிறது. 2,000 லிட்டர் தொட்டி வைத்தால் ஃபோர்ஸ் வரும் என்கிறார் பிளம்பர். மாற்றலாமா?”

வேண்டாம் அம்மா. நிற்கும் தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது, கொள்ளளவைப் பொறுத்ததல்ல. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை அண்டாவில் விட்டாலும் சொம்பில் விட்டாலும், மறுமுனையில் தண்ணீர் அதே மட்டத்துக்குத்தான் ஏறும்.

33 அடி உயரத் தண்ணீர் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். உங்கள் ஷவருக்கு மேல் தொட்டியின் அடிப்பாகம் மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். தொட்டி காலியாகும் நேரத்தில் கிடைப்பது அந்த 1 கிலோவில் பத்தில் ஒரு பங்குதான். கீழ்வீட்டுக்கு ஒரு மாடி உயரம் கூடுதலாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. புதுத் தொட்டி பழையதைவிட உயரமாக இருந்தால், அந்த உயரம் மட்டும் லாபம். ஒரு அடி கூடினால் ஒரு அடிக்கான அழுத்தம். அதுவும் தொட்டி நிரம்பியிருக்கும்வரைதான். காலையில் நாலு பேர் குளித்து மட்டம் இறங்கியதும் போய்விடும். அகலமான குட்டைத் தொட்டி என்றால் இதுவும் கிடையாது. இதற்காகத் தளத்தின் மேல் இன்னொரு டன் எடையை ஏற்றுவதா? தொட்டி விற்கும் கடையில் கமிஷன் வாங்குபவர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

அடுத்து, “குழாயைச் சின்னதாக்கினால் வேகம் கூடும்” என்பார்கள். ஹோஸ் பைப் வாயில் விரலை வைத்தால் பீய்ச்சுவது வாயில் மட்டும் நடக்கும் வேலை. நீளம் முழுக்கக் குழாயைக் குறுக்கினால் உராய்வே அழுத்தத்தைத் தின்றுவிடும். விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீர் ஓட இழப்பு சுமார் 30 மடங்கு. எத்தனையோ வீடுகளில் தொட்டியிலிருந்து குளியலறைவரை அரை இஞ்ச் குழாயைப் பார்த்துவிட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தண்ணீர் தாராளமாக வந்தால் துளைகளில் உப்பு அடைத்திருக்கிறது. வினிகரில் ஊறப்போட்டால் போதும். அப்போதும் வரவில்லை என்றால் தொட்டியிலிருந்து இறங்கும் வால்வு முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். அதுவும் சரியென்றால் இறங்கு குழாயை 1 இஞ்சுக்கு மாற்றி, பொறியாளரிடம் காட்டித் தூண் எழுப்பி, தொட்டியை ஆறடி உயர்த்துங்கள். முடியாதென்றால் இறங்கு குழாயில் சின்ன பிரஷர் பம்ப். மாநகராட்சிக் குழாயில் மட்டும் நேராக மோட்டார் மாட்டிவிடாதீர்கள். அது உறிஞ்சும்போது, கசிவு இருக்கும் இடத்தில் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும்.