மகனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவுதான் கிடைத்திருக்கிறது. சேர்க்கலாமா?

பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்திருக்கும், பள்ளியில் "வொகேஷனல்தான் இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள், வீட்டில் இரண்டு நாளாக யாருக்கும் சோறு இறங்கியிருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. உங்கள் கேள்வியில் இருக்கும் அந்தத் 'தான்' என்னை இன்னமும் குத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொழிற்கல்வியில் நான் படித்தது ஜெனரல் மெஷினிஸ்ட், மெஷினில் இரும்பைக் கடைந்து பாகங்கள் செய்யும் படிப்பு. முதல் குரூப்புக்கு மாடியில் வகுப்பு, எங்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய ஷெட். அந்த ஷெட்டில்தான் சார் இரும்பு ராடை லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், மாட்டிக் கொடுத்து 25 மில்லிமீட்டருக்குக் கடையச் சொன்னார். எனக்கு 24.6 வந்தது. வெர்னியர் என்ற அளவுகோலைக் கையில் கொடுத்து, "நீயே அளந்து பாரு, அப்புறம் பேசு" என்றார். மூன்று நாள் வேறு ராடுகளை விடாமல் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்தபோது, கடையும் டூலை சென்டர் உயரத்துக்கு, அதாவது ராடின் நடுமட்டத்துக்கு, வைப்பது எப்படி என்று என்னிடம்தான் மற்றவர்கள் கேட்டார்கள். கணக்கில் திணறினேன், அதையும் மறைக்கவில்லை.

அடி விழுந்தது வேறு இடத்தில். டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். ப்ளஸ் டூ பிரிவு என்ற கட்டத்தில் அறிவியல், வணிகவியல், கலை என்று மூன்றே மூன்று. என்னுடையது எதிலும் இல்லை. வேறு வழியில்லாமல் அறிவியல் என்று போட்டேன். சான்றிதழ் சரிபார்க்கும்போது தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே வந்த பிரிவு இது. அதற்கு ஒரு கட்டம் போட ஆளில்லை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுனெஸ்கோ 2013-ல் ஏற்றுக்கொண்ட, படிப்புத் துறைகளுக்கான வகைப்பாட்டில் 0715 என்று ஓர் எண் உண்டு, இயந்திரவியலும் உலோகத் தொழில்களும். வெல்டிங் படித்தவனும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவனும் அந்த ஒரே எண்ணில்தான் வருகிறார்கள். படிப்பு எந்த நிலை, பொதுக் கல்வியா தொழிற்கல்வியா என்பதைத் தனியாகக் குறிக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் துறையைக் கேட்டுவிட்டுத் தகுதியை எடை போடுகிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட.

உடனே யாராவது "அப்போ பயாலஜி படிக்கிறவன் முட்டாளா?" என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. டாக்டராக வேண்டும் என்று பையனுக்கு ஆசை இருந்தால் இந்தப் பிரிவு வேண்டாம், வேறு பள்ளி தேடுங்கள். இன்ஜினியரிங் என்றால் வழி இருக்கிறது: ப்ளஸ் டூ, டிப்ளமோ இரண்டு வருடம், அப்புறம் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்து மூன்று வருடம். நேராகப் போகிறவனைவிட ஒரு வருடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

சேர்ப்பதற்கு முன் பள்ளிக்கு நேரில் போங்கள். எங்கள் சார் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை, பிரிவையே மூடிவிட்டார்கள். அதனால் தொழிற்பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். எந்தப் பிரிவோ அதன் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் இருந்து, மெஷினும் ஓடினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.