உதவித்தொகையை நிறுத்தலாம், பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள்

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பி.ஏ. முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாக மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வருகிறது. வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகச் சித்தியோடு சேர்ந்து கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன், எனக்கும் ஒரு பங்கு வருகிறது. உதவித்தொகையை நானாகவே நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் பதிவு மூப்பு போய்விடும் என்கிறார் மாமியார். வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது."

தாராளமாக நிறுத்தலாம். உங்கள் விஷயத்தில் நிறுத்துவதுதான் சரி என்றும் சொல்வேன்.

முதலில் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். வேலைவாய்ப்புப் பதிவு வேறு, உதவித்தொகை வேறு. உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாவதில்லை, அதை நிறுத்துவதாலும் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. மூப்பு போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய புதுப்பித்தலை மறந்துவிடுவது. காசு வருகிறவரை அலுவலக ஞாபகம் இருக்கும், காசு நின்றதும் அட்டையைப் பெட்டிக்கடியில் போட்டுவிட்டுப் புதுப்பிக்கவேண்டிய மாதத்தைக் கோட்டை விட்டவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அலுவலக உதவியாளர், ஓட்டுநர் போன்ற சில பணியிடங்களுக்குப் பதிவு மூப்புப் பட்டியல் இன்னும் கேட்கப்படுகிறது என்பதால் அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்துவையுங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இந்த மூப்பு தேவையில்லை, அதை எப்போதும்போல் எழுதலாம்.

சரி, ஏன் நிறுத்தச் சொல்கிறேன்? இந்தத் திட்டத்தின் நிபந்தனைகளில், அரசு அல்லது தனியார் வேலையில் ஊதியம் பெறக்கூடாது என்பதோடு சுயதொழில் செய்யக்கூடாது என்பதும் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பதும் உண்டு. தீபாவளிக்கு ஒருதரம் சித்திக்கு ஒத்தாசையாகத் தேன்குழல் பிழிந்து கொடுத்ததை யாரும் தொழில் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் முகூர்த்த மாதம் தவறாமல் மணகோலமும் அதிரசமும் ஆர்டர் வந்து, மாவுக்கும் எண்ணெய்க்கும் போக மிச்சத்தை இருவரும் பிரித்துக்கொள்கிறீர்கள் என்றால் அது தொழில்தான், கடைப்பலகை இல்லாவிட்டாலும்.

இங்கே எனக்கு 600 ரூபாய் பெரிய கவலை இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்களே, சுய உறுதிமொழி ஆவணம், அதுதான் கவலை. தொழில் நடந்துகொண்டிருக்கும்போது 'நான் எந்தப் பணியிலும் இல்லை' என்று உங்கள் பெயரில் ஒரு தாள் அரசுக் கோப்பில் போய் உட்காரக் கூடாது. நாளைக்கு அரசு வேலையே கிடைத்தால்கூட அந்தத் தாள் பின்னாலேயே வரும்.

அதற்காக 'இந்த வருஷம் உறுதிமொழி கொடுக்காமல் இருந்துவிடுகிறேன், தானாக நின்றுபோகும்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நிற்கத்தான் செய்யும், ஆனால் ஏன் நின்றது என்று கோப்பில் இருக்காது. வங்கிக் கணக்கை மூடுவதும் வேண்டாம். சிவகங்கையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போதும் (பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை அலுவலகம்). பெயர், பதிவு எண், வங்கிக் கணக்கு எண், கடைசியாகப் பணம் வரவான தேதி, வருமானம் வர ஆரம்பித்த மாதம் எல்லாம் எழுதி, "உதவித்தொகையை நிறுத்தவும், என் வேலைவாய்ப்புப் பதிவைத் தொடரவும் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியுங்கள். அந்தப் பின்பாதி மிக முக்கியம், அதை விட்டுவிட்டு எழுதாதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி பத்திரப்படுத்துங்கள்.

வருமானம் ஆரம்பித்த மாதத்தை உள்ளபடியே எழுதுங்கள். அதன் பிறகு வந்த தொகையைத் திருப்பிச் செலுத்தச் சொன்னால், அவர்கள் சொல்கிற முறையில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வருவதால், கடிதம் கொடுத்த பிறகும் ஒரு 1,800 ரூபாய் கணக்கில் விழ வாய்ப்புண்டு. விழுந்தால் எடுத்துச் செலவழிக்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள் என்பதற்காக, வருமானமே இல்லாத ஒருவர் இதை நிறுத்த வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு பதிந்து காத்திருந்த பிறகு மூன்று ஆண்டுக்கு மட்டும் கிடைக்கிற தொகை, பட்டதாரிக்கு மொத்தமே 21,600 ரூபாய், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே படிக்கப்போகிறவர்கள் கவனிக்க: பி.எட். மாதிரி தினமும் கல்லூரிக்குப் போகிற படிப்பில் சேர்ந்தால் நிறுத்த வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்தால் நிறுத்த வேண்டாம்.

அப்புறம் உங்கள் பலகாரத் தொழில். மாவட்டத் தொழில் மையத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கான மானியக் கடன் திட்டம் இருக்கிறது, 25 சதவீதம் மானியம். மாவு மில்லோ பெரிய அடுப்போ போடுகிற யோசனை இருந்தால் விசாரியுங்கள். அதற்கு முன், சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவைச் சித்தி பெயரிலோ உங்கள் பெயரிலோ எடுத்துவிடுங்கள். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். யார் பெயரில் எடுப்பது என்பதை மட்டும் இருவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள், கடன் கேட்கப் போகும்போது அந்தப் பெயரைத்தான் வங்கியில் பார்ப்பார்கள்.