பஞ்சாலையின் பெயரில் ஒரு கடைத்தொகுதி

கேள்வி: சிகிச்சைக்காகச் சென்னை சென்றிருந்தபோது வேளச்சேரியில் உள்ள பீனிக்ஸ் கடைத்தொகுதியைப் பார்த்தேன். அதன் உரிமைக் கம்பனியின் பெயர் ‘பீனிக்ஸ் மில்ஸ்’ என்று பிறகு அறிந்தேன். நூலும் தறியும் இல்லாத இடத்துக்கு ஆலையின் பெயர் எப்படி வந்தது?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அது உண்மையிலேயே ஆலைதான், அம்மா. 1905இல் பருத்தித் துணி நெய்வதற்கென்றே பதிவுசெய்யப்பட்ட கம்பனி அது. பம்பாயின் லோயர் பரேலில் அதன் ஆலை இயங்கியது. தொழில் மாறிய பின்னும் கம்பனி தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பகுதியை மராத்தியர் ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர் என்றே அழைத்தனர். ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே அங்கு வீடுகளில் உலை வைத்தார்கள். ஓர் அறையைப் பலர் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் வேலைக்குப் போக, வேலை முடிந்து வந்தவர் அதே பாயில் படுத்துக்கொண்டார்கள். 1982 ஜனவரி 18ஆம் திகதி, தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள் பல அதன் பின் எழுந்திருக்கவில்லை.

நம் திருகோணமலைச் சீனக்குடாவின் மாவாலையை எண்ணிப் பாருங்கள். தானியக் கப்பல் வந்து நிற்கும் ஆழமான துறைமுகம் இருப்பதால்தான் ஆலை அங்கே இருக்கிறது. அந்த இடம் ஆலைக்கு உழைக்கிறது. பரேலிலோ, ஒருகாலத்தில் நகரின் ஓரத்தில் இருந்த ஆலைகளைச் சுற்றி நகரம் வளர்ந்து, நெய்த துணியைவிடக் காணி பன்மடங்கு விலைபெற்றுவிட்டது.

சட்டமும் இதில் பெரும் பங்கு வகித்தது. ஆலைக் காணியை வேறு தேவைக்கு மாற்றினால் அதில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், இன்னொரு பங்கு பொது வீடமைப்புக்கும் போக, எஞ்சியதே உரிமையாளருக்கு என 1991ஆம் ஆண்டின் விதி கூறியது. 2001இல் அது திருத்தப்பட்டு, கட்டடம் இல்லாத வெற்றுக் காணியை மட்டுமே பங்கிட்டால் போதும் என்றாயிற்று. ஆலை வளவுகளோ கொட்டகைகளால் நிறைந்தவை. பங்கிட எஞ்சியது சொற்பம். மேல்நீதிமன்றம் 2005இல் இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தபோதும், உச்ச நீதிமன்றம் 2006இல் திருத்தத்தையே ஏற்றது. நகரம் மூச்சுவிடக் கிடைத்திருக்கக்கூடிய பெருவெளி அன்றே கைநழுவியது என்பது என் உறுதியான கருத்து.

காணியை விற்றுப் பணமாக்கிய உரிமையாளர்கள் இருக்க, பீனிக்ஸ் கம்பனி தன் காணியை வைத்துக்கொண்டு, 1990களிலிருந்து படிப்படியாகக் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டது. அந்த வாடகை வருமானமே அதை வேறு நகரங்களுக்கும் கொண்டு சென்றது. நீங்கள் பார்த்த வேளச்சேரித் தொகுதி 2013இல் திறக்கப்பட்டது. பரேலில் பழைய புகைபோக்கி இன்றும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது.

ஆலைத் தொழிலாளருக்கான வீடுகள் 2012இல்தான் குலுக்கல் முறையில் வழங்கப்படத் தொடங்கின. விண்ணப்பித்தோர் ஓர் இலட்சத்துக்கும் மேல். கிடைத்த வீடுகளோ அதில் சிறு பகுதி. வேலைநிறுத்தத்தின்போது இளைஞராக இருந்தவர்கள் அதற்குள் முதுமையை எட்டியிருந்தார்கள்.

இதே மாற்றத்தை அருகில் காண விரும்பினால் கொழும்பு ஹெவ்லொக் சிட்டி தொடர்மாடிகளைப் பாருங்கள். அவை வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த காணியிலேயே எழுந்துள்ளன.