புது பைக்கில் சத்தம், மைலேஜ் குறைவு: பிளக்கை மாற்றும் முன் செயினையும் பிரேக்கையும் பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்கு தினமும் வேலைக்குப் போய்வர 100 சிசி பைக் ஒன்று புதிதாக எடுத்தேன். 600 கி.மீ. ஓடியிருக்கிறது, முதல் சர்வீஸ் இன்னும் விடவில்லை. எழுபது கிடைக்கும் என்றார்கள், 48தான் கிடைக்கிறது. செயின் பக்கம் சலக் சலக் என்று சத்தம். சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழுவதில்லை. 45-ஐத் தாண்டினால் எங்கோ அதிர்கிறது. இரண்டு முறை கியர் போட்டதும் இன்ஜின் அணைந்துவிட்டது. ஷோரூமில் போகப் போகச் சரியாகும் என்கிறார்கள், தெரிந்த மெக்கானிக் பிளக்கை மாற்றி வேறு ஆயில் ஊற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து குறைகளில் ஒன்றுகூட இன்ஜின் கோளாறாக எனக்குத் தெரியவில்லை. எல்லாம் செட்டிங். செட்டிங் தானாகச் சரியாகாது, யாராவது ஸ்பேனர் எடுத்தாக வேண்டும். அதற்காக 600 கி.மீ. ஓடிய வண்டியில் பிளக்கை மாற்ற ஒரு காரணமும் இல்லை. ஆயிலும் முதல் சர்வீஸில் எப்படியும் மாறப்போகிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது வரும் இரும்புத் துகள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும், அதனால் அந்த சர்வீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மைலேஜிலிருந்து தொடங்குவோம். விளம்பரத்தில் வரும் எண் ஆய்வுக்கூடத்தில், ஒரே மாதிரியான நிலைமையில் எடுத்தது, அது உங்களுக்கு அப்படியே கிடைக்காது. புது இன்ஜின் இறுக்கமாக இருப்பதால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே கொடுக்கும். ஆனால் கீரனூர் - புதுக்கோட்டை மாதிரி தடையில்லாத ரோட்டில் 100 சிசி வண்டி 48 கொடுக்கிறது என்றால், அது புது இன்ஜின் என்பதற்காக விட்டுவிடும் அளவுக் குறைவு அல்ல. பெட்ரோல் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். பங்கில் நாசில் தானாக நிற்கும் வரை போட்டு, டிரிப் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 200 கி.மீ.க்கு மேல் ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். அப்போதும் ஐம்பதுக்குள் இருந்தால் பின்சக்கரத்தைப் பாருங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் சில சுற்று சுற்றினால் சரி. அரைச் சுற்றிலேயே சர்ரென்று உரசி நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. புது வண்டியில் ஷூ இன்னும் டிரம்மோடு பழகாததால் லேசான உரசல் சத்தம் சகஜம், சக்கரம் சட்டென்று நிற்பது சகஜம் அல்ல. பிரேக் பெடலுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை வெறும் ஆட்டம் (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் பிரேக் ராடு நுனியில் இருக்கும் நட்டைக் கையாலேயே ஒரு அரைச் சுற்று தளர்த்தி மறுபடி சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். உங்கள் வண்டியில் சிபிஎஸ் இருக்கும், 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது) இல்லையென்றால் அது கட்டாயம். பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு அது, அதனால் முன்சக்கரத்தையும் ஒரு முறை தூக்கிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் செயின். புது செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், எல்லா வண்டியிலும். தளர்ந்த செயின் கவரில் அடிப்பதுதான் அந்த சலக் சலக். செயின் கவரின் அடியில் ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை இருக்கும், அதைக் கழற்றி விரலால் செயினை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் மொத்த ஆட்டம் 20 முதல் 30 மி.மீ., உங்கள் மேனுவலில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. ஒரு இடத்தில் மட்டும் பார்த்து முடித்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்திலும் பார்த்து, எங்கே செயின் அதிகம் இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அந்த அளவு வரும்படி வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளவு வைத்தால் இறுக்கமான இடத்தில் செயின் கம்பி மாதிரி விறைத்துவிடும், நீங்கள் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் இறங்கும்போது இன்னும் இறுகும். அது மைலேஜைத் தின்பதோடு கியர்பாக்ஸ் பேரிங்கையும் தின்னும். கொஞ்சம் தளர்ந்த செயின் சத்தம்தான் போடும், இறுகிய செயின் செலவு வைக்கும். எது தேவலை என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

ரோட்டோரக் கடைகளில் விட்டுப்போவது ஒன்று உண்டு. செயினை டைட் வைக்கும்போது பின்சக்கரம் மொத்தமாகப் பின்னால் நகர்கிறது. பிரேக் பெடல் சேஸில், அதாவது வண்டியின் சட்டத்தில், அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் பிரேக் ராடு இழுபட்டு, யாரும் தொடாமலேயே பிரேக் இறுகிவிடும். செயின் டைட் வைத்த பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நீங்கள் வாங்கிய பிறகு யாராவது செயினைத் தொட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். செயின் வேலை முடிந்ததும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கக் கோடும் ஒரே இடத்தில் நிற்கிறதா, பிரேக் பெடலில் ஆட்டம் இருக்கிறதா, பெடலைத் தொடாமலே பிரேக் லைட் எரிகிறதா, மூன்றையும் பார்க்காமல் வண்டியைக் கடையிலிருந்து எடுக்காதீர்கள்.

நியூட்ரல் விஷயம் சுலபம். கிளட்ச் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் போதும். அதற்கு மேல் இருந்தால் முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது, கியர் முரண்டு பிடிக்கும். லிவர் பக்கத்து அட்ஜஸ்டரில் சரிசெய்யலாம். வண்டி முழுக்க நிற்பதற்கு முன், மெல்ல உருளும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடும் பழக்கமும் நல்லது.

45-இல் வரும் அதிர்வுக்கு கண்ணாடி, வைசர், சைடு பேனல், நம்பர் பிளேட், இவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். யாரையாவது ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து, எட்டுகிற பாகத்தை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், எதைப் பிடித்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான். நம்பர் பிளேட் என்றால் அதன் லாக்கைக் கழற்ற வேண்டாம், பின்னால் ஸ்பாஞ்ச் டேப் செருகினாலே போதும். டயர் காற்றையும் பாருங்கள், ஷோரூமிலிருந்து வரும்போது பல வண்டிகளில் தேவைக்கு அதிகமாகவே இருக்கும். சரியான அளவு ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும்.

கியர் போட்டதும் அணைவது பெரும்பாலும் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். ஸ்டாண்டை எடுத்த பிறகும் மீட்டரில் அந்த விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் சுவிட்சில் சேறு அடைத்திருக்கிறது, பழைய பிரஷும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஸ்டாண்டைப் பல முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் வாரண்டியில் மாற்றித் தரக் கேளுங்கள். வயரைக் கட் பண்ணி நேராகச் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஸ்டாண்டோடு கிளம்பி, இடது பக்கம் திரும்பும்போது அது தரையில் இடித்து விழுந்து கால் உடைந்தவர்கள் இருக்கிறார்கள், அதைத் தடுக்கத்தான் அந்த சுவிட்ச். விளக்கு எரியாமலே அணைகிறது என்றால் சர்வீஸ் சென்டரில்தான் பார்க்க வேண்டும். இப்போதைய பிஎஸ்-6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன், பழைய கார்புரேட்டர் வண்டி மாதிரி ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங் (நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏற்ற முயன்றால் வாரண்டி பேச்சில் சிக்கல் வரும்.

முதல் சர்வீஸுக்கு விடும்போது "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். "செயின் அளவு, பின்பிரேக் உரசல், கிளட்ச் ஆட்டம், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்" என்று ஜாப் கார்டில் தனித்தனியாக எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இலவச சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம், ஆயிலுக்குப் பணம் உண்டு. முடிந்ததும் அங்கேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் மெக்கானிக்கைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுங்கள், 45-இல் வரும் சத்தம் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் வராது.