காபி வறுக்கிற ஆசையைத் தொழிலாக்கலாமா? சேலம், ஏற்காடு கேள்விகளும் பதில்களும்

அஸ்தம்பட்டியிலிருந்து: பேங்க் வேலையில இருக்கேன் அண்ணா. லீவு நாள்ல இரும்பு வாணலியில 200 கிராம் கொட்டை வறுத்து அரைச்சு தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கிறேன். எல்லாரும் பாராட்டுறாங்க. வேலையை விட்டுட்டு இதுலயே இறங்கலாமா?

இப்போதைக்கு விடாதீங்க. சும்மா கிடைக்கிற தூளைப் பாராட்டுறவங்க வேற, காசு கொடுத்து வாங்கி, தீர்ந்ததும் தானா போன் பண்றவங்க வேற. அந்த ரெண்டாவது வகை எத்தனை பேருன்னு மட்டும் பாருங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கொட்டை விலை நிலையா நிக்காது. உதாரணத்துக்கு பச்சைக்கொட்டை கிலோ 630 ரூபாய்னு வைங்க. வறுத்தா எடை சுமார் 16 சதவீதம் குறையும், கிலோவுக்கு 840 கிராம்தான் மிஞ்சும். அப்போ வறுத்த கொட்டை கிலோ 750 ஆகுது. கேஸ், கரண்ட் 30. கால் கிலோ பை நாலு, லேபிளோட 60. பொறுக்க, வறுக்க, அரைக்க, கட்ட ஒரு மணி நேரம், அதுக்கு உங்க கூலி 120. ஆக 960. கிலோ 1,200-ன்னு விலை வச்சு, கடைக்கு 20 சதவீதம் கழிவு கொடுத்தா கைக்கு வர்றது அதே 960. கூலி வந்துச்சு, தொழிலுக்கு ஒரு பைசா நிக்கலை. நேரா வீட்டுக்கு வித்தாதான் கிலோவுக்கு 240 மிச்சம்.

மாசம் 60 கிலோ நேரடியா போனா கூலியும் மிச்சமும் சேர்ந்து 21,600. மெஷின் தவணை, வாடகை இருந்தா அதுலதான் போகணும். இந்த அளவு தொடர்ந்து நாலு மாசம், பழைய வாடிக்கையாலேயே ஓடினா அப்புறம் ராஜினாமாவை யோசிங்க. கூலியைக் கணக்குல சேர்க்காம விலை வைக்கிறவங்கதான் ஒரு வருஷத்துல காபி வாசனையையே வெறுத்துடுறாங்க.

ஏற்காடு, ஒண்டிக்கடைப் பக்கமிருந்து: எஸ்டேட்ல நேரா வாங்கினா எதைப் பார்த்து வாங்கணும்?

இங்க விளையிற அராபிகா வகைக் காபியை நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பறிப்பாங்க. காய்ஞ்சு, தோல் நீக்கி, தரம் பிரிச்சு கைக்கு வர மேலும் சில வாரம் ஆகும். எந்த வருஷ அறுவடைன்னு முதல்ல கேளுங்க. பழைய கொட்டை வெளுத்திருக்கும், சாக்கு வாசம் வரும்.

முழு மூட்டைக்கு முன்னாடி 300 கிராம் சாம்பிள் வாங்கி தட்டுல கொட்டுங்க. கருப்பு, உடைசல், பூச்சி துளைச்சது எல்லாம் தனியா எடுத்து நிறுத்துப் பாருங்க. 15 கிராமுக்கு மேல போனா நான் வாங்க மாட்டேன். அதைப் பொறுக்குற கூலி உங்க தலையிலதான் விழும். ஈரப்பதம் 10-லிருந்து 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கூடினா பூஞ்சை பிடிக்கும், வறுவலும் ஒண்ணுபோல வராது. பிளாண்டேஷன் ஏஏ, ஏ-ங்கிறதெல்லாம் சல்லடை அளவை வச்சு பிரிக்கிறது. பெரிய கொட்டைன்னா சுவையும் பெரிசுன்னு நினைச்சுடாதீங்க.

சேலத்துக்குக் கொண்டுவந்து தகரக் கூரைக்குக் கீழ வச்சுடாதீங்க. நம்ம சித்திரை வெயில் ரெண்டே மாசத்துல நல்ல கொட்டையைக் கெடுத்துடும்.

சூரமங்கலத்திலிருந்து: ஒரு கிலோ டிரம் ரோஸ்டர், அதான் உருளை சுத்தி வறுக்கிற மெஷின், வாங்கியிருக்கோம். வெளிய கருகுது, உடைச்சா உள்ள வெளிறி இருக்கு, பச்சை வாசம் அடிக்குது. ஏன்?

டிரம் ரொம்ப சூடா இருக்கும்போது கொட்டையைப் போடுறீங்க. தோல் முந்திக்குது, நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரலை. 800 கிராம் மட்டும் போடுங்க. போடும்போது டிரம் 190 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கட்டும். மஞ்சள் நிறம் வர்ற வரைக்கும் தீயைக் குறைக்காதீங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. கொட்டை 196 டிகிரி வாக்குல முதல் வெடிச் சத்தம் கேட்கும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி அழுத்தத்துல வெடிக்கிற சத்தம் அது. எட்டு, ஒன்பது நிமிஷத்துல அது வரணும். பில்டர் காபிக்கு அதுக்கப்புறம் ரெண்டு, ரெண்டரை நிமிஷம், ரெண்டாவது வெடி தொடங்குறதுக்குச் சற்று முன்னாடி இறக்கிடுங்க. ரெண்டாவது வெடி முற்றினா எண்ணெய் மேல வந்துடும், தூள் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

கருகுதேன்னு பயந்து ஒரேயடியா தீயைக் குறைச்சா இன்னொரு தப்பு நடக்கும். சூடு ஏறாம நடுவுல நின்னு, நிறம் மட்டும் நல்லா வரும், சுவை செத்துப்போயிருக்கும். பார்வையில கண்டுபிடிக்க முடியாது, குடிச்சாதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் நிமிஷத்துக்கு நிமிஷம் வெப்பநிலையை நோட்டுல எழுதுங்க. இறக்கினதும் நாலு நிமிஷத்துக்குள்ள ஆறியாகணும். உதிர்ந்த தோலை அன்னன்னைக்கே சுத்தம் பண்ணுங்க, அது தீப்பிடிக்கும்.

பேர்லேண்ட்ஸிலிருந்து: புகைன்னு பக்கத்து வீட்டுல சண்டை.

அவங்க பக்கம் நியாயம் இருக்குங்க. கூரைக்கு மேல போற புகைபோக்கி வைங்க. அளவு பெருகினா குடியிருப்புப் பகுதியை விட்டே மாறிடுங்க.

அம்மாப்பேட்டையிலிருந்து: சிக்கரி கலந்துட்டு ‘ஏற்காடு காபி’ன்னு லேபிள் போடலாமா? என்னென்ன பதிவு வேணும்?

சிக்கரி கலவையில காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ரெண்டோட சதவீதமும் பாக்கெட் மேல இருக்கணும். 80:20-ன்னா அப்படியே பெரிசா போடுங்க, மறைக்க என்ன இருக்கு? கெட்டியான டிகாக்‌ஷன் பிடிச்சவங்க அதைக் கேட்டே வாங்குறாங்க. ஆனா வேற ஊர் ரொபஸ்டா வகைக் கொட்டையைக் கலந்துட்டு ஏற்காடு பேரை மட்டும் போடுறது தப்பு. 1820-கள்ல கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல இருந்து இந்த மலை சம்பாதிச்ச பேர் அது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாருக்கும் தெரியும். மறந்துபோறது ரெண்டு. பாக்கெட் போட்டு விக்கிறவங்க எடையளவுச் சட்டத்துலயும் பதியணும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வாங்கணும். ரெண்டுக்குமே தொழிலாளர் துறைக்குத்தான் போகணும். வெளிமாநிலத்துக்கு அனுப்புறதா இருந்தா ஜிஎஸ்டி எண் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

கொண்டலாம்பட்டியிலிருந்து: ஒரே தூள்தான். சிலர் மட்டும் சப்புன்னு இருக்குன்னு திருப்பி அனுப்புறாங்க.

என்ன தண்ணின்னு கேளுங்க. கடினமான போர் தண்ணி அராபிகாவோட புளிப்பை அமுக்கிடும். அதே தூளை மேட்டூர்க் காவிரித் தண்ணியிலயோ கேன் தண்ணியிலயோ போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. 20 கிராம் தூளுக்கு 100 மில்லி கொதிநீர்னு அளவையும் பாக்கெட்லயே அச்சடிச்சுடுங்க. வறுத்த அன்னைக்கே அனுப்புற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. கொட்டைக்குள்ள அடைஞ்சிருக்கிற வாயு ஒரு நாளாவது வெளியேறட்டும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: ரெண்டு வருஷமா நல்லா ஓடுது அக்கா நடத்துற கடை. அவங்களுக்கு வறுக்கிறதுதான் உயிர், இப்ப அதுலயே சலிப்புங்கிறாங்க. என்ன செய்யலாம்?

ஒரு வாரம் நேரத்தை எழுதி வைக்கச் சொல்லுங்க. வறுக்கிறது அஞ்சுல ஒரு பங்குகூட இருக்காது. மிச்சமெல்லாம் பொறுக்குறது, ஒட்டுறது, கூரியர், பாக்கி வசூல். சலிப்பு அங்கிருந்து வருது. பொறுக்கவும் பாக்கெட் கட்டவும் அரை நாள் ஆள் போடுங்க. அதுக்குத்தான் விலையில கூலி வச்சிருக்கோம். பத்து வகை விக்கிறாங்கன்னா மூணா குறைங்க. கடன் வியாபாரத்தை நிறுத்துங்க. செவ்வாய், வெள்ளி மட்டும் வறுவல்னு வச்சுக்கிட்டு, அன்னைக்குப் போனை வேற யாராவது எடுக்கட்டும். வாரம் 200 கிராம் விக்கிறதுக்கு இல்லாம புதுசா முயற்சி பண்ணிப் பார்க்க ஒதுக்குங்க. பெங்களூர்ல காபி போர்டு நடத்துற காபி சாஸ்திரா பயிற்சிக்கும் ஒரு தடவை அவங்களை அனுப்பி வைங்க.