எண்ணூர் சேற்றில் இறங்க ஸ்வெட்டர் வேண்டுமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை நண்பர்களோடு எண்ணூர் கழிமுகத்தில் இறங்கிப் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறோம். சில இடங்களில் இடுப்பளவு சேறு என்கிறார்கள். குளிருக்கு ஜீன்ஸ், ஸ்வெட்டர், கம்பூட்ஸ் போதுமா?"

முதலில் கம்பூட்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முழங்கால் சேற்றில் காலைத் தூக்கினால் கால் மட்டும்தான் வரும். வெறுங்காலும் வேண்டாம், சிப்பி ஓடும், பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் அலையாத்தி வேரும் கிழித்துவிடும். பழைய கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போங்கள்.

ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், சூட்டையும் தேக்காது. சென்னையில் ஜனவரி விடியல் 20 டிகிரி பக்கம்தான், இதெல்லாம் ஒரு குளிரா என்று தோன்றும். ஆனால் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக இழுத்துவிடும். பாலியெஸ்டர் டிராக் பேன்ட், முழுக்கை டீ-ஷர்ட் போதும். ஸ்வெட்டரும் துண்டும் பிளாஸ்டிக் பையில் கரையில் இருக்கட்டும். ஈரத்தோடு கடற்காற்றில் பைக் ஓட்டித் திரும்பும்போதுதான் பல் தந்தியடிக்கும்.

அப்புறம் சேறு. உங்கள் உடம்பைவிடச் சேறு அடர்த்தி, அதனால் தலை வரைக்கும் விழுங்காது. மாட்டிக்கொண்டிருக்கும்போது கடல் தண்ணீர் உள்ளே ஏறுவதுதான் ஆபத்து. கடல் ஏறும் நேரம் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும்; நேற்றைய கணக்கு இன்றைக்கு ஆகாது. பறி என்கிற மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவுகிறவர்கள் அங்கே உண்டு. அவர்களில் ஒரு அண்ணனைக் கேட்டு, முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு இறங்குங்கள். கையில் ஒரு கழி இருக்கட்டும். குத்திப் பார்த்த பிறகே அடுத்த அடி. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தில் காய்ந்த மேல்தோலை நம்பவே நம்பாதீர்கள்.

கால் மாட்டினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள்; இழுக்க இழுக்க இறுகும். பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தை மெல்ல ஆட்டுங்கள். இடுக்கில் தண்ணீர் புகுந்ததும் பிடி தளரும். ஒரு கால் வந்த பிறகு மறு கால். அப்புறம் தவழ்ந்தே வாருங்கள், கேமராவை நண்பரிடம் கொடுத்துவிட்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு படிந்த இடம் இது. கரையேறியதும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். காலில் கீறல் இருந்து, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் வந்தால், சேற்றில் இறங்கியதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம்.