கேளுங்கள்: இலையும் வெளிச்சமும்

கே: வீட்டுக்குள் இரண்டு வருடமாக இருந்த ரப்பர் செடியை, வெளிச்சம் போதவில்லையே என்று மாடி வெயிலுக்கு மாற்றினேன். நான்கே நாளில் இலைகள் வெளிறி, நடுவில் காகிதம்போல் காய்ந்துவிட்டன. ஆனால் அதே வெயிலில் புதிதாக வந்த இரண்டு இலைகள் நன்றாக இருக்கின்றன. பழையது கருக, புதியது மட்டும் எப்படித் தாங்குகிறது? காய்ந்த இலைகளைக் கிள்ளிவிடலாமா?

ப: கிள்ளாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இலைக்குக் கிடைக்கும் நைட்ரஜன் அளவானது. அதைக் கொண்டுதான் இரண்டு வகைப் புரதங்களைச் செய்தாக வேண்டும். ஒளியைப் பிடிப்பவை ஒரு வகை. பிடித்த ஆற்றலால் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குபவை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் பெரும்பங்கு ரூபிஸ்கோ என்ற புரதத்துக்கு. அறைக்குள் வரும் வெளிச்சம், உச்சி வெயிலில் நூறில் ஒன்றிரண்டு பங்குகூட இருப்பது அரிது. அங்கே உங்கள் செடி செய்தது சரியான கணக்கு: ஒளி பிடிக்கும் புரதங்களைக் கூட்டியது, ரூபிஸ்கோவைக் குறைத்தது.

அந்த இலையைத் திடீரென்று வெயிலில் வைத்ததும், வந்து குவியும் ஆற்றலைச் செலவழிக்க வழியில்லை. மிஞ்சியது ஆக்சிஜனைத் தீவிரமாக்கி இலையையே தாக்குகிறது. முதல் அடி வாங்குவது, ஒளியைப் பயன்படுத்தும் புரதக் கூட்டங்களில் ஒன்றான ஒளித்தொகுதி இரண்டில் உள்ள டி1 என்ற புரதம். இது எந்த இலையிலும் உடைவதும் மாற்றப்படுவதுமாகவே இருக்கிறது. கடும் வெளிச்சத்தில் அரைமணி, ஒருமணிக்குள் பாதி உடைந்து புதிதாகிவிடும். வெயிலில் வளர்ந்த இலையில் பழுதுபார்ப்பு ஈடுகொடுக்கும். உங்கள் இலைகளில் உடைவது முந்திக்கொண்டது. அதுதான் அந்த வெளிறல்.

பழைய இலையும் ஒரு வாரம் கொடுத்தால் தன் புரதங்களை ஓரளவு மாற்றிக்கொள்ளும். ஆனால் விரிந்து முடிந்த இலை இன்னொரு செல் அடுக்கை வளர்த்துத் தடிக்க முடியாது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்கள் கூடுதலாக வர அங்கே இடமில்லை. புது இலையோ துளிரிலேயே தடிமனாக உருவாகிறது. தொட்டுப் பாருங்கள், தெரியும்.

துளிருக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? எனக்கு இன்றும் வியப்பூட்டும் இடம் இது. 2001-ல் யானோ, தெரஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் சக்கரவர்த்திக் கீரைச் செடியில் துளிரை வெயிலில் விட்டு, முதிர்ந்த இலைகளை மட்டும் நிழலில் மூடினார்கள். துளிர் நிழல் இலையின் உடலமைப்போடு வளர்ந்தது. மூத்த இலைகள் பார்த்த வெளிச்சமே சேதியாகத் துளிருக்குப் போகிறது. அதனால்தான் கிள்ள வேண்டாம் என்றேன். காய்ந்த திட்டு மீளாது, ஆனால் சுற்றியுள்ள பச்சை இன்னும் வேலை செய்கிறது. அடுத்த முறை முதல் வாரம் வெளிச்சமான நிழல், பிறகு காலை வெயில் என்று பழக்குங்கள்.

கே: மேகம் வந்து போகும்போதெல்லாம் செடி இப்படிப் புரதங்களை மாற்றுமா?

ப: இல்லை, அதற்கு நாள்கணக்கில் ஆகும். மேகத்துக்கு வேறு ஏற்பாடு. வெயில் ஏறிய சில நொடி, சில நிமிடங்களில் பிஎஸ்பிஎஸ் என்ற புரதமும் ஸியாசாந்தின் என்ற நிறமியும் சேர்ந்து, மிகை ஒளியை வெப்பமாக வெளியேற்றுகின்றன. நிழல் திரும்பியதும் இந்த வடிகால் உடனே அடைபடுவதில்லை. பல நிமிடங்களுக்கு, நல்ல ஒளியும் வீணாகிறது. இதை விரைவாக்க இல்லினாய்ஸில் புகையிலைச் செடியில் மூன்று மரபணுக்களைக் கூட்டினார்கள். வயலில் வளர்ச்சி சுமார் 15 சதவீதம் கூடியதாக 2016-ல் அறிவித்தார்கள். வெறும் நிழல் நிமிடங்களில் இவ்வளவு இழப்பா என்று அன்று திகைத்துப்போனேன்.

கே: கரும்பச்சை இலைதான் ஆரோக்கியமான இலையா?

ப: அப்படிச் சொல்லிவிட முடியாது. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், ஒரே மரத்தின் உச்சி இலையையும் உட்கிளை இலையையும் மாணவர்களிடம் கொடுப்பேன். 80 சதவீத அசிட்டோனில் அரைத்து, அந்தச் சாறு 663, 645 நானோமீட்டர் அலைநீளங்களில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். பச்சையத்தின் இரு வகைகளான ஏ-க்கும் பி-க்கும் உள்ள விகிதம் உச்சி இலையில் 3-க்கு மேல் போகும், உள் இலையில் குறைந்திருக்கும். ஏனென்றால் பச்சையம் பி இருப்பது, நிழல் இலை கூட்டிக்கொள்ளும் அந்த ஒளி பிடிக்கும் புரதங்களில். எடைக்கு எடை பார்த்தால் பச்சையம் அதிகம் இருந்ததும் அந்த நிழல் இலையில்தான். ஆக, கரும்பச்சை என்பது நிழலுக்குப் பழகியதன் அடையாளமாகவும் இருக்கலாம்.